வீட்டுக்குள் எதற்குக் கார்ப்பரேட் வேஷம்?

வீட்டிலேயே அலுவலகம் வைக்கப்போகிறேன், ஆட்கள் வந்து போவார்கள் என்று சொன்ன மாத்திரத்தில் இன்டீரியர்காரர் எடுத்து நீட்டும் படம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வாசலுக்கு எதிரே பிளைவுட் அடித்த சுவர், அதில் பித்தளை நிற எழுத்தில் பெயர், எழுத்துக்குப் பின்னால் எல்இடி வெளிச்சம். மேலே ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங். பக்கவாட்டில் கண்ணாடித் தடுப்பு. நடுவில் ஆறடி மேஜை. அதற்கு அந்தப் பக்கம் தலைக்கு மேல் முதுகு உயர்ந்த சுழல் நாற்காலி, இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அதைவிடத் தாழ்வாக இரண்டு நாற்காலி. படத்துக்குப் பின்னால் ஒரு கொள்கையும் உண்டு: ஆட்களைப் பார்க்கிற அறை வீடு மாதிரி இருக்கக் கூடாது. வீடு என்று தெரிந்தால் மதிப்பு குறையும், மதிப்பு குறைந்தால் கட்டணம் குறையும்.

ஆடிட்டர்கள் இதை நம்புகிறார்கள். வக்கீல்கள் நம்புகிறார்கள். கட்டடப் பொறியாளர், வரி ஆலோசகர், காப்பீட்டு முகவர், அண்மைக் காலமாக ஜாதகம் பார்ப்பவர்கள்கூட நம்புகிறார்கள். அறை தயாரானதும் படம் பிடித்துப் போட்டு உறவினர்களிடம் பாராட்டும் வாங்கிவிடுகிறார்கள். இந்தக் கொள்கை அடியோடு தவறு என்பதுதான் என் வாதம். பணம் வீணாவது அதில் சின்னக் குறை. வருகிறவருக்கு எது தேவையோ அதை ஒதுக்கிவிட்டு, அவர் கேட்காத ஒன்றை எதிரே நிறுத்துகிறது என்பதே பெரிய குறை. அறையைக் கண்ணுக்காகச் செய்கிறோம். வருகிறவரின் கவலையோ காதையும் காலையும் பற்றியது.

யார் வருகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். பெரிய நிறுவனத்தின் நிதி இயக்குநர் உங்கள் மேற்கு மாம்பலம் வீட்டு முன்னறையைத் தேடி வரப்போவதில்லை. வேலை இருந்தால் அவர் உங்களைத் தன் இடத்துக்குக் கூப்பிடுவார். உங்களிடம் வருகிறவர் துணிப்பையில் பில் கட்டுகளோடு வரும் கடைக்காரர். ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அப்பா உயில் எழுதாமல் போனதால் தம்பியோடு பேச்சு நின்றுபோன ஒருவர் வருகிறார். விவாகரத்து மனு போடலாமா என்று கேட்க அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு பெண் வருகிறார். வீட்டை எந்த மகள் பேருக்கு எழுதுவது என்று தெரியாத பெரியவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு வருகிறார். இவர்களில் ஒருவரும் உங்கள் சீலிங்கை அண்ணாந்து பார்க்கப்போவதில்லை. அப்படிப் பார்க்கிறவர், ‘இதற்கும் சேர்த்துத்தான் நம்மிடம் வாங்குவார்’ என்று மனக்கணக்குப் போடுகிறவராகத்தான் இருப்பார்.

ஆள் பாதி ஆடை பாதி இல்லையா என்று கேட்பார்கள். சரிதான். ஆடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்பு உதிராத சுவர், துடைத்த மேஜை, பெயர் எழுதி அடுக்கிய கோப்புகள், ஆடாத நாற்காலி, குடிக்கத் தண்ணீர்: இவை ஆடை. மூன்று படுக்கையறை வீட்டின் ஒரு மூலையைப் பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடம் போல நடிக்கவைப்பது வேஷம். தெருவிலிருந்தே துளசி மாடத்தையும் மாடியில் காயும் துணியையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறவர் மணி அடித்தார். அது வீடு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த ஒன்றை மறைக்க இவ்வளவு பாடுபடுகிறவர், தெரியாததில் எதையெல்லாம் மறைப்பாரோ என்ற எண்ணம் வருகிறவருக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

காலிலிருந்து தொடங்குகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவைத் திறந்தால் ஹால். ஹாலில் தொலைக்காட்சி, அதன் எதிரே தாத்தா, தரையில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. தெருச் சத்தம் வராத பின்னறைதான் அலுவலகத்துக்கு ஏற்றது என்று முடிவு செய்து அங்கே கண்ணாடியும் பிளைவுட்டும் ஏற்றிவிடுகிறார்கள். அந்த அறையை அடைய வருகிறவர் இந்தக் குடும்பத்தின் நடுவே நடந்து போக வேண்டும். தாத்தா சத்தத்தைக் குறைக்கிறார், பிள்ளை புத்தகத்தை அள்ளுகிறது, நைட்டியில் இருக்கும் வீட்டம்மா சமையலறைக்குள் ஒதுங்குகிறார். வருகிறவருக்கோ எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. அறைக்குள் எத்தனை லட்சம் கொட்டினாலும் இந்த இருபதடி நடையின் கூச்சத்தைத் துடைக்க முடியாது. வாசலை ஒட்டிய அறை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதுதான் அலுவலக அறை. ‘மாஸ்டர் பெட்ரூம்’ பெரிதாக இருக்கிறதே என்று ஆசைப்படக் கூடாது.

தனி வீடு என்றால் இன்னும் எளிது. போர்டிகோவை ஒட்டிய அறைக்கு வெளியிலிருந்து ஒரு கதவு வைத்தால் போதும். சுவரை இடிக்கும் முன் அது மாடியைத் தாங்கும் சுவரா என்று பொறியாளரிடம் கேட்டு, லிண்டல் போட்டு, நிலை வைக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குக் கொடுக்கும் பணத்தில் இதைச் செய்துவிட்டு மீதியும் பார்க்கலாம். ஆனால் இந்தக் கதவை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. அதனால்தான் யாரும் இதை விற்பதும் இல்லை.

தன்னைக் காட்டிக்கொள்வதில் கொஞ்சமும் கூச்சமில்லாத ஒரு கட்டடக் கலைஞரை எடுத்துக்கொள்வோம். ஃபிராங்க் லாய்டு ரைட் 1889இல் சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் தனக்கென்று வீடு கட்டினார். அவருடைய ஆறு பிள்ளைகள் வளர்ந்த வீடு அது. 1898இல் அதோடு ஒட்டித் தன் அலுவலகத்தைச் சேர்த்தார். அவர் கவனமாகச் செய்த காரியம் வாசல்தான். வீட்டின் முகம் ஃபாரஸ்ட் அவென்யூவில். அலுவலகத்தின் முகம் மூலை திரும்பி சிகாகோ அவென்யூவில். வீடு கட்டச் சொல்லி வந்தவர் ரைட்டின் சாப்பாட்டு மேஜையைக் கடக்க வேண்டியதில்லை. வரைபடங்களைக் காட்டிப் பேச எண்கோண வடிவில் ஒரு சிறு நூலக அறை. அதன் சன்னல்களை உயரத்தில் வைத்தார், வெளிச்சம் வரும், தெருவின் வேடிக்கை வராது. வீடும் அலுவலகமும் உள்ளே ஒரு நடைவழியால் இணைந்தே இருந்தன. வீடு இருப்பதை அவர் மறைக்கவில்லை. போகிற வழியைப் பிரித்தார், அவ்வளவுதான். நம் இன்டீரியர் புத்தகங்கள் அந்த வீட்டின் வண்ணக் கண்ணாடியைப் பார்த்தன, வாசலைப் பார்க்கவில்லை.

காலைப் பற்றிப் பேசும்போது செருப்பையும் பேசித்தான் ஆக வேண்டும். கார்ப்பரேட் தோரணையின் பொய் முதலில் வெளுப்பது இங்கேதான். அறை முழுக்கக் கண்ணாடியும் கார்ப்பெட்டும். வாசலில் மட்டும் ‘காலணிகளை இங்கே விடவும்’ என்று ஒரு பலகை. ஷூ போட்டு வந்தவர் குனிந்து, ஒற்றைக்காலில் நின்று, நாடாவை அவிழ்க்கிறார். உட்கார ஒரு பெஞ்சு இல்லை. மழைக்காலத்தில் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருக்கிறார், அது உங்கள் கார்ப்பெட்டில் சொட்டுகிறது. கழற்றத்தான் வேண்டும் என்றால் உட்கார்ந்து கழற்றப் பெஞ்சும், நனையாத இடமும் கொடுங்கள். வேண்டாம் என்றால், ‘பரவாயில்லை, அப்படியே வாங்க’ என்று சொல்லும்படியான தரையைப் போடுங்கள். எதுவும் சொல்லாமல் விருந்தாளியைத் தவிக்கவிடுவது நம் பக்கத்து மரியாதை இல்லை.

மாடிக்குத் தனிப் படி வைத்து அலுவலகத்தை மேலே ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. பிரித்துவைப்பதில் அது நல்ல யோசனைதான். ஆனால் மிச்சமிருக்கும் இடத்தில் திணித்த செங்குத்தான இரும்புப் படியில், உயில் எழுத வந்த பெரியவர் ஏறிக் காட்டினால் பிறகு அவர் உயிலைக் கொஞ்சம் அவசரமாகவே எழுத நேரும். படி ஆறு அங்குல உயரம், கால் முழுதும் பதியும் அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. இதற்கு இடமில்லை என்றால் கீழேயே இருங்கள்.

அடுத்தது கழிவறை. இன்டீரியர்காரர்களின் முப்பரிமாணப் படங்களில் எதிலும் இது இருப்பதில்லை. வருடக் கணக்கு முடிக்க வந்தவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், சர்க்கரை நோயாளி. வீட்டின் ஒரே பொதுக் கழிவறை குடும்பத்தின் துணிகள் தொங்கும் குளியலறையும் கூட. அவர் கேட்கக் கூச்சப்படுகிறார். நீங்கள் காட்டக் கூச்சப்படுகிறீர்கள். மாடிப்படிக்குக் கீழே நாலடிக்கு மூன்றடி கிடைத்தாலும் ஒரு சின்னக் கழிவறை வந்துவிடும். அதற்கு ஆன செலவு, பித்தளை எழுத்துக்கு ஆன செலவைவிடப் பத்து மடங்கு மரியாதையைச் சம்பாதித்துத் தரும்.

இனி காது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

வீட்டில் அலுவலகம் வைப்பவர்களுக்குக் குக்கர் விசில் ஒரு பெரும் பயம். விசில் கேட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். குக்கர் எல்லார் வீட்டிலும்தான் விசில் அடிக்கிறது; அதில் இழுக்கு ஒன்றுமில்லை. வருகிறவரின் முகம் சுருங்குவது வேறொரு கணக்கால். சமையலறைச் சத்தம் இங்கே கேட்கிறதென்றால், நான் பேசுவது சமையலறைக்குக் கேட்கும். தம்பி செய்த மோசடியைச் சொல்ல வந்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்துகிறார். பாதியைச் சொல்கிறார், பாதியை விழுங்குகிறார். பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு நீங்கள் முழு ஆலோசனை சொல்கிறீர்கள். வழக்கு நடுவில் புதுப் பத்திரம் ஒன்று வெளிப்பட்டு வக்கீல் திகைத்து நிற்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். மெல்லிய கதவும் அவற்றில் ஒன்று.

இந்த இடத்தில்தான் கார்ப்பரேட் அலங்காரம் உதவாததோடு நிற்காமல் கெடுக்கவும் செய்கிறது. ஹாலை மறித்துக் கட்டும் தடுப்பைப் பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங் மட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சீலிங்குக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம் இரண்டு பக்கத்துக்கும் பொது. பேச்சு மேலே ஏறி, அந்த இடைவெளி வழியே மறுபக்கம் இறங்குகிறது. கண்ணாடித் தடுப்பின் இடுக்குகள், கதவுக்கடியில் விட்ட அரை அங்குல இடைவெளி, உள்ளே வெறும் அட்டைக் கூடாக இருக்கும் விலை குறைந்த ஃப்ளஷ் கதவு எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. அறைக்குள் டைல்ஸ், கண்ணாடி, பளபளக்கும் லேமினேட் என்று கடினமான பரப்புகளே இருப்பதால் குரல் மோதி மோதி எதிரொலிக்கிறது. எதிரொலிக்கும் அறையில் எல்லோரும் தம்மையறியாமல் உரக்கப் பேசுவார்கள். அந்தரங்கம் பேச வந்தவரை உரக்கப் பேசவைத்து, அதைப் பக்கத்து அறைக்கும் அனுப்பிவைக்க இத்தனை செலவு.

ஆனால் பழைய நாலரை அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூசியது, இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அதை இடித்துத்தான் கண்ணாடி வைக்கிறோம். கனமான கதவு ஒன்று போடுங்கள், தேக்கோ உள்ளே கட்டை நிறைந்த ஃப்ளஷ் கதவோ. நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கதவின் அடியில் தரையைத் தொடும் பட்டை வையுங்கள். குடும்பத்தோடு பங்கிடும் சுவரில் தரையிலிருந்து உச்சி வரை புத்தக அலமாரி. வக்கீலாக இருந்தால் தீர்ப்புத் தொகுதிகள் இருக்கவே இருக்கின்றன. கனமான பருத்தித் திரை, கீழே ஒரு பவானி ஜமக்காளம். பிறகு ஒரு சோதனை: ஒருவர் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு சாதாரணக் குரலில் நாளிதழ் படிக்கட்டும். வெளியே நிற்பவர் அதைக் கேட்டு எழுத முடிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

மேஜையைப் பற்றி இவர்கள் சொல்வதும் அதே ரகம். மேஜை பெரிதாக இருந்தால் ஆளும் பெரிதாகத் தெரிவார் என்கிறார்கள். அது உண்மைதான் என்பதுதான் சங்கடம். எட்வர்டு ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல் எழுதிய நூலில் மனிதர்கள் பழகும் தூரங்களை அளந்து வகைப்படுத்தினார். நாலு முதல் ஏழடி வரை ஒன்றாக வேலை செய்யும் தூரம். ஏழு முதல் பன்னிரண்டடி வரை சடங்குப் பேச்சின் தூரம். பெரிய மனிதர்களின் மேஜைகள் வருகிறவரை அந்த இரண்டாவது தூரத்தில் நிறுத்தும் அளவுக்குப் பெரிதாக இருப்பதையும் அவர் கவனித்தார். ஆக, பெரிய மேஜை தன் வேலையைச் சரியாகவே செய்கிறது: எதிராளியைத் தள்ளி வைக்கிறது. தள்ளி வைப்பது ஒரு அமைச்சருக்கு வேண்டியிருக்கலாம். கடைக்காரரின் கடன் கணக்கை வரவழைக்க வேண்டிய ஆடிட்டருக்கு எதற்கு?

அதே நூலில் ஹால் எடுத்துச் சொல்லும் இன்னொரு செய்தி ராபர்ட் சாமர் என்ற உளவியலாளர் கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்து மருத்துவமனையின் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. மேஜையின் மூலையைப் பகிர்ந்து உட்கார்ந்தவர்களிடையே பேச்சு அதிகம் நடந்தது. அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களைவிட இரண்டு மடங்கு. மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்தவர்களைவிட ஆறு மடங்கு. மருத்துவமனை உணவுக்கூடம் வேறு, உங்கள் அறை வேறுதான். ஆனால் வில்லங்கச் சான்றிதழையும் மூலப் பத்திரத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து படித்துப் பாருங்கள். ஒருவருக்கு எழுத்து தலைகீழ். ‘இந்த சர்வே எண்ணைப் பாருங்க’ என்று விரலால் காட்ட, அவர் எழுந்து நின்று குனிகிறார். நாலடிச் சதுர மேஜை ஒன்றின் மூலையில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் ஒரே காகிதம், ஒரே கணினித் திரை. அம்மாவைக் கூட்டிவந்த பெண்ணுக்கு, அம்மா பக்கத்திலேயே உட்காரும்படி மூன்றாவது நாற்காலியும் அதே உயரத்தில் இருக்கட்டும்.

வாஸ்து பார்ப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உரிமையாளர் தென்மேற்கில் அமர்ந்து வடக்கோ கிழக்கோ பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக அமரட்டும். என் வருத்தமெல்லாம், வருகிறவர் எங்கே உட்கார வேண்டும் என்று எந்த வாஸ்துக்காரரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை என்பதுதான். மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் கட்சிக்காரரை உட்காரவைத்துவிட்டு, உரிமையாளர் செல்வம் சேரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். படிக்கும் மேஜைக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும் என்பது பொதுவான அளவு. சீலிங்கில் பதித்த சின்னச் சின்ன விளக்குகள் கண்ணைக் கூசவைக்கும்; குனிந்து படிப்பவரின் நிழலே காகிதத்தில் விழும். மேஜை மேல் ஒரு நல்ல விளக்கு போதும்.

கார்ப்பரேட் பக்கத்தாரின் அடுத்த வாதம் கொஞ்சம் நுட்பமானது. அறையில் உங்கள் சொந்த அடையாளம் எதுவும் தெரியக் கூடாது, நடுநிலையான சாம்பல் வண்ணமே தொழில்முறை என்கிறார்கள். அந்தரங்கம் பேசுவதையே தொழிலாக்கிய ஒருவரின் அறை எப்படி இருந்தது என்று பார்த்தால் போதும். சிக்மண்ட் ஃபிராய்டு வியன்னாவில் பெர்க்காசே 19ஆம் எண் கட்டடத்தில் 1891 முதல் 1938இல் நாட்டைவிட்டு வெளியேறும் வரை குடும்பத்தோடு வாழ்ந்தார். அங்கேயே நோயாளிகளைப் பார்த்தார். அந்த அறையில் பாரசீக விரிப்பு போர்த்திய சாய்வுப் படுக்கை, சுவரெங்கும் படங்கள், அலமாரியிலும் மேஜையிலும் எகிப்து, கிரேக்கம், ரோம் என்று பழங்காலச் சிலைகளின் கூட்டம். இன்றைய இன்டீரியர்காரர் பார்த்தால் பாதியை உடனே காலி செய்யச் சொல்லுவார். வந்தவர்களுக்கு அந்த நெரிசல் தடையாக இருக்கவில்லை. நீங்களும் சிலை சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. தாத்தாவின் மேஜை இருக்கிறதா, அதைப் பாலிஷ் போட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு ஆளிடம்தான் பேசுகிறோம் என்ற எண்ணம் வருகிறவருக்கு நல்லது. சாம்பல் சுவரிடம் யாரும் மனம் திறப்பதில்லை.

வீட்டிலேயே தொழில் நடத்துவது நம் ஊரில் புதிய சங்கதியும் இல்லை. வி. கிருஷ்ணசாமி ஐயர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் காலத்து மயிலாப்பூர் வக்கீல்களுக்கு வீடும் அலுவலகமும் ஒரே கூரைக்குக் கீழேதான். செட்டிநாட்டு வீடுகளில் கொடுக்கல் வாங்கல் பேச்சு முகப்போடு நின்றது, வளவு குடும்பத்துக்கு. வாசலில் தொழில், உள்ளே குடும்பம் என்ற அந்த ஒழுங்கிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திண்ணையைப் பற்றி இப்போது எழுதப்படும் உருக்கமான கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவிலேயே நின்று பேச வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. வருகிறவரின் இடத்தை வைத்து அவர் தகுதியை உணர்த்தும் அந்தக் கெட்ட பழக்கம்தான், என் பார்வையில், தாழ்ந்த நாற்காலியாகவும் ஆறடி மேஜையாகவும் இன்று மறுபிறவி எடுத்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே உயர நாற்காலி போடச் சொல்வதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டுத் தொழிலறை சிறியதாக, வீட்டோடு சேர்ந்ததாக இருக்கும் என்றே விதிகள் எதிர்பார்க்கின்றன. தமிழ்நாட்டு மின்கட்டண வகைப்பாட்டில், தொழில்முறை ஆலோசகர் ஒருவரின் வீட்டோடு இணைந்த, 200 சதுர அடிக்கு மிகாத ஆலோசனை அறை வீட்டு இணைப்புக்குள்ளேயே அடங்கும். இருபதுக்குப் பத்தடி. இரண்டு அறையை உடைத்து ரிசப்ஷன், கேபின், கான்ஃபரன்ஸ் என்று விரிக்கிறவர் மின்கட்டணத்தில் வேறு வகைக்கும் போய்ச் சேருவார். 1984இல் உச்ச நீதிமன்றம், கேரளத்தின் கடைகள் சட்டம் பற்றிய ஒரு வழக்கில், வக்கீலின் அலுவலகம் அந்தச் சட்டம் சொல்லும் வணிக நிறுவனம் ஆகாது என்றது. இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீலின் பெயர்ப்பலகை அளவோடு இருக்க வேண்டும். எந்தப் பதவியில் இருந்தார், எந்த வகை வழக்கில் தேர்ந்தவர் என்றெல்லாம் அதில் போடக் கூடாது. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் வாசல் பலகையில் பதிவு எண்ணைப் போட வேண்டும், சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். ஆக, சுவரில் மாட்டக் கட்டாயமான பொருள் ஒரு சான்றிதழ். எல்இடி வெளிச்சத்தை எந்த விதியும் கேட்கவில்லை.

‘இவ்வளவு தொல்லை எதற்கு? வாடகை அலுவலகத்தில் மணிக்கணக்கில் அறை எடுக்கலாம், இல்லையென்றால் வீடியோ அழைப்பு, காபிக் கடை’ என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். முடிந்தவர்கள் அப்படியே செய்யட்டும். ஆனால் அசல் பத்திரக் கட்டோடு வருகிறவரைக் காபிக் கடை மேஜையில் அதைப் பிரிக்கச் சொல்ல முடியாது. பக்கத்து மேஜையில் அவர் சம்பந்தியே உட்கார்ந்திருக்கலாம். நம் ஊர்கள் அவ்வளவு சின்னவை.

பெண் தொழில்முறையாளர்கள் விஷயத்தில் வழக்கமான அறிவுரை நேரடி ஆபத்து. முதுகுக்குப் பின்னால் சுவர், கதவிலிருந்து தள்ளி உள் மூலையில் அமர்வதுதான் அதிகாரத்துக்கு அழகு என்கிறார்கள். அப்படி அமர்ந்தால், முன்பின் அறியாத ஒருவர் உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார். மனநல மருத்துவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடம் இதற்கு நேர்மாறு: கதவுக்குப் பக்கத்து நாற்காலி மருத்துவருடையது, வெளியேறும் வழி மறிக்கப்படக் கூடாது. வீட்டில் தனியாக இருந்து கட்சிக்காரரைப் பார்க்கும் பெண் வக்கீலுக்கு இது இன்னும் பொருந்தும். வீட்டுக்குள் போகும் கதவை அறையின் உள்பக்கமிருந்து திறக்க முடிய வேண்டும். திறந்து போனதும் மறுபக்கம் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். வாசலில் வருகிறவர் முகம் தெரியும் ஒரு கேமரா. அதிகாரம் எந்த நாற்காலியில் இருக்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கார்ப்பரேட் வேஷத்தின் பெரிய பொய்யைக் கடைசியில் வைத்திருக்கிறேன். நிஜ அலுவலகத்தில் கதவு திறக்க ஒருவர், தொலைபேசி எடுக்க ஒருவர், காபி கொண்டுவர ஒருவர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். வீட்டு அலுவலகத்தில் அந்த மூன்று வேலையையும் பெரும்பாலும் ஒரே பெண் சம்பளமில்லாமல் செய்கிறார். மணி அடித்தால் அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்க் கதவு திறக்கிறார், ‘சார் இருக்காங்க, உட்காருங்க’ என்கிறார், காபி போடுகிறார், பிள்ளைகளின் வாயைக் காலை பத்து முதல் இரவு எட்டு வரை பொத்திவைக்கிறார். வீடு தெரியக் கூடாது என்ற கொள்கையின் மெய்யான விலை இதுதான். அது இன்டீரியர்காரர் தரும் மதிப்பீட்டில் எந்த வரியிலும் வராது. வீட்டை மறைக்க ஆகும் உழைப்பு முழுதும் வீட்டில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. கணவர் பெயர் மட்டும் பித்தளை எழுத்தில் ஒளிர்கிறது.

அதனால் மதிப்பீடு கேட்கும்போது வரிசையை மாற்றிக் கேளுங்கள். தெருக்கதவிலிருந்து நாற்காலி வரை வருகிறவர் நடக்கும் வழியை முதலில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கதவு, பிறகு கழிவறை, பிறகு சுவர். வாசலில் இரண்டு அழைப்புமணி: ஒன்று வீட்டுக்கு, ஒன்று அலுவலக அறைக்குள் மட்டும் ஒலிப்பது, பெயரெழுதி. அறைக்குள் தண்ணீர்க் குடுவை, ஒரு ஃபிளாஸ்க், நாலு டம்ளர். காபியை நீங்களே ஊற்றிக் கொடுங்கள். ஒருவர் கிளம்பி அடுத்தவர் வரக் கால் மணி இடைவெளி விட்டு நேரம் கொடுத்தால் ரிசப்ஷனே தேவையில்லை, பங்காளிகள் வாசலில் முட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் அவர் ஃபால்ஸ் சீலிங் படத்தையே புரட்டிக்கொண்டிருந்தால், காபி கொடுத்து அனுப்பிவிட்டு ஒரு நல்ல ஆசாரியைத் தேடுங்கள்.